இன்னும் 17 நாள்

தலவாக்கலை
06.08.2023, ஞாயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். மழை விட்டபாடில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. பெரிய லயத்து மாமா லீவு முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதத்தையும் இரண்டு கிலோ தேயிலைத் தூளையும் அம்மா இடித்த மிளகாய்த்தூளையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். இன்னொரு சாமானும் அதற்குள் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நேற்று இரவு 7 மணிக்கு மேல் சந்திரயான்-3 நிலாவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நீ பார்த்தாயா தெரியவில்லை. நிலாவை நெருங்கும்போது எஞ்சினை எதிர்ப்பக்கமாக எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால்தான் நிலா அதைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் விலகிப் போய்விடும். ஏறக்குறைய அரை மணி நேரம் எரித்திருக்கிறார்கள். இப்போது கிட்டத்தில் 164 கிலோமீட்டர், தூரத்தில் 18,074 கிலோமீட்டர் என்று ஒரு நீட்டுவட்டத்தில் சுற்றுகிறது. இனி அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, 23ஆம் திகதி நிலாவில் இறக்கப் பார்ப்பார்கள். செய்தியைப் படித்ததும் உனக்குத்தான் போன் எடுத்தேன். நீ வேலையில் இருந்தாய் போல.

போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். போன கிழமை ராக்கெட் பேச்சு வந்தபோது நீ ஒன்று சொன்னாய். "இதெல்லாம் இனிமே எனக்கு எதுக்குப்பா, நான் கணக்கு எழுதத்தானே வந்திருக்கேன்" என்றாய். களைப்பில் சொன்னாயோ என்னவோ, அன்றிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை.

சந்திரயானை ஏவிய அன்று நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஜூலை 14, வெள்ளிக்கிழமை. உனக்கு லீவு, எனக்குத் தேயிலை பேக்டரி ஸ்டோரில் வேலை. கொழுந்து உருட்டுகிற மூன்றாம் நம்பர் ரோலரின் பேரிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன். மணி இரண்டேகால் ஆனதும் டீமேக்கர் ஐயாவிடம் போய், நிலாவுக்குப் போகிற ராக்கெட்டைப் பார்க்க வேண்டும், இருபது நிமிஷம் தாருங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு "போய்ப் பாருங்க" என்றார். மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் கடைசி ஜன்னல் பக்கம் மட்டும் சிக்னல் வரும். நான், கொழுந்து லொறி ஓட்டுகிற தம்பி, வாட்சர் தாத்தா மூன்று பேரும் அங்கே நின்று ஒரே போனைப் பார்த்தோம். வெளியே மலை தெரியாத அளவுக்கு மூடுபனி. 2.35க்கு ஏவ வேண்டும். எண்ணிக்கொண்டே வந்தார்கள். கடைசி அரை நிமிஷத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. தம்பி போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அப்பா, போயிருச்சு!"

நீ போட்ட அந்தச் சத்தத்தை மூன்று பேரும் கேட்டோம். வாட்சர் தாத்தா இரண்டாம் முறையும் போடச் சொன்னார். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறிய ராக்கெட் செய்தி டோஹாவைச் சுற்றி எங்களுக்கு வந்தது மகள். அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை.

பிறகு ராத்திரி முழுக்காட்சியையும் பார்த்தேன். 43.5 மீட்டர் உயரம், 640 டன்னுக்கு மேல் எடை. முதலில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பூஸ்டர்களும் மட்டும்தான் தூக்குகின்றன. நடுவில் இருக்கிற எஞ்சின் பறந்துகொண்டிருக்கும்போதுதான் பற்றுகிறது. இத்தனை வருஷம் மெஷினோடு வாழ்ந்தவனுக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிட்டது. ஓடுகிற ரோலரில் கைவைக்கவே நான் விடமாட்டேன், இவர்கள் வானத்தில் வைத்து ஒரு எஞ்சினைக் கிளப்புகிறார்கள். பதினாறாவது நிமிஷத்தில் கலம் பிரிந்தது.

அமெரிக்காக்காரர்கள் 1969இல் நாலே நாளில் நிலாவுக்குப் போனார்கள், இது ஏன் நாற்பது நாள் எடுக்கிறது என்று லொறித் தம்பி கேட்டான். அவர்களிடம் இருந்தது மிகப் பெரிய ராக்கெட். இவர்கள் இருக்கிற ராக்கெட்டை வைத்து, பூமியைச் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கி, ஆகஸ்ட் முதலாம் திகதி, அதுதான் பௌர்ணமி போயா அன்று, நள்ளிரவு தாண்டி நிலாப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கையில் இருக்கிற எண்ணெய்க்கு ஏற்றபடி வண்டி ஓட்டுவது. போன வருஷம் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிலாவில் இறங்கி ஓடப்போகிற வண்டி, பிரக்யான் ரோவரின் எடை 26 கிலோ. நல்ல கொழுந்துக் காலத்தில் அம்மா ஒரே நாளில் அதற்கு மேல் பறித்திருக்கிறாள். ஐம்பது வாட் சூரிய மின்சாரம், செக்கனுக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம். பூமியோடு நேரே பேசாது, அதைச் சுமந்து இறங்குகிற லேண்டரிடம் சொல்லும், லேண்டர் நமக்குச் சொல்லும். நிலாவின் ஒரு பகல் நமக்குப் பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளுக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ராத்திரி அங்கே அவ்வளவு குளிர். ஆறு சக்கரம். ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் மற்றவை தரையை விடாதபடி, ஸ்பிரிங் இல்லாமல், கைகள் மடங்கி நிமிர்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இது உனக்குத் தெரியும், செய்து பார்த்தவள் நீ.

இன்று திகதி என்ன பார்த்தாயா? ஆகஸ்ட் 6. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில் நாசாவின் கியூரியோசிட்டி ரோவர் செவ்வாயில் இறங்கியது. உனக்குப் பன்னிரண்டு வயது, ஆகஸ்ட் லீவு. அன்று ராத்திரி செய்தியில், நீலச் சட்டை போட்டவர்கள் கட்டிப் பிடித்து அழுததைக் காட்டினார்கள். "ஏம்பா அழுறாங்க?" என்று கேட்டாய். அது இறங்கின செய்தி இங்கே வந்து சேரவே பதினான்கு நிமிஷம் ஆகும், அதுவரை அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். நீ அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் மூன்று பழைய செருப்பை வெட்டி ஆறு சக்கரம் செய்தாய். நாலு போதும் என்றேன், கேட்கவில்லை. குடைக்கம்பியில் கோர்த்து, வாசல் படியில் ஏற்றினாய், கவிழ்ந்தது. பலகையை இரண்டாக அறுத்து நடுவில் ஒரு போல்ட் போட்டுக் கொடுத்தேன், ஏறிவிட்டது! அந்த 899 கிலோ கியூரியோசிட்டி இன்றைக்கும் செவ்வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு 2019. உனக்கு உயர்தரப் பரீட்சை வருகிற வருஷம். ஜூலை 15 அதிகாலை 2.51க்கு சந்திரயான்-2 என்று எழுந்து உட்கார்ந்தோம், 56 நிமிஷம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழமையில் சரிசெய்து 22ஆம் திகதி அனுப்பினார்கள். செப்டம்பர் 7 அதிகாலை அதன் லேண்டர் விக்ரம் இறங்கும்போது நீ என் தோளில் சாய்ந்திருந்தாய். திரையில் அந்தப் புள்ளி கோட்டை விட்டு விலகியதை என்னைவிட முதலில் நீதான் கண்டாய். "அப்பா, கோட்டுல இல்லையே" என்றாய். அதற்குப் பிறகு அந்த அறையில் யாருமே பேசவில்லை. விடிந்து நான் வேலைக்குப் போகும்போதும் நீ திரையைப் பார்த்தபடியே இருந்தாய்.

விழுந்த விக்ரமைக் கண்டுபிடித்தது யார் என்று நினைவிருக்கிறதா? சண்முக சுப்பிரமணியன். சென்னையில் வேலை செய்கிற ஒரு இன்ஜினியர், நாசாவிலோ இஸ்ரோவிலோ இல்லாதவர். நாசா வெளியிட்ட படங்களை வீட்டில் உட்கார்ந்து பழைய படங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். முன்னே இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டு எழுதிப்போட்டார். அந்த டிசம்பரில் நாசாவே அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. அந்தச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டியது நீதான். இப்போது எதற்கு என்று கேட்கிறாயே மகள், அவருக்கு எதற்காக இருந்ததோ உனக்கும் அதற்காகத்தான்.

இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் ஏ எடுத்தாய். பக்கத்துப் பாடசாலையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. டவுனில் விடுதியில் விட்டுப் படிக்கவைக்க அப்போது என்னால் முடியவில்லை. கடன் கேட்க நினைத்த இடத்தில் கேட்காமல் திரும்பி வந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லாமல் வர்த்தகப் பிரிவில் சேர்ந்தாய். நீ அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்டிருக்க வேண்டும், மகள். அது என் பிழை. ஒவ்வொரு முறை ராக்கெட் ஏறும்போதும் அது எனக்கு வரும்.

சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் தொழில்நுட்ப வேலை பார்த்தவர். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துத்தான் மேலே போயிருக்கிறார். அந்த அப்பாவைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தோஷம்தான், அப்புறம் கொஞ்சம் வலித்தது.

இன்னொரு செய்தி, ஆத்தா இருந்தால் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பாள். நிலாவின் மேட்டுநிலத்து மண் மாதிரியே ஒரு பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கிறதாம். அதை அரைத்து பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, லேண்டரையும் ரோவரையும் அதில்தான் சோதித்திருக்கிறார்கள். நம் கொள்ளுத்தாத்தாவை நாமக்கல் பக்கமிருந்துதான் கூட்டிவந்தார்கள் என்று ஆத்தா சொல்லுவாளே, அந்த மண். இப்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள், மலையகத்துக்கு வந்து 200 வருஷம் ஆனதற்கு. போன மாதம் 28ஆம் திகதி கிளம்பினார்கள், 12ஆம் திகதி மாத்தளையில் முடிக்கிறார்கள். முழங்கால் வலி இல்லாவிட்டால் கடைசி நாளுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

சரி, இனி 23ஆம் திகதி விஷயம். இந்தமுறை லேண்டரின் கால்களைப் பலமாக்கியிருக்கிறார்கள், எரிபொருளும் கூடுதல். போனமுறை இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர், இந்தமுறை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர். எது எதெல்லாம் பிழையாகப் போகும் என்று முதலில் யோசித்து, பிழையாகப் போனாலும் இறங்குகிற மாதிரி செய்திருப்பதாக இஸ்ரோ தலைவர் சோமநாத் சொல்கிறார். ஒரு மெஷின்காரனாக எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை வருகிறது.

புதன்கிழமை, இங்கே மாலை 5.47. உனக்கு 3.17. வேலை நேரம்தான், ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்துக்கு இப்போதே கேட்டு வை. நானும் டீமேக்கர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். இந்தமுறை ஸ்டோர் ஜன்னலை நம்பவில்லை, கோயில் மேட்டுக்குப் போய்விடுவேன், அங்கே நாலு கட்டை சிக்னல் இருக்கிறது. மழை விட்டால் அரை நிலாவும் அந்நேரம் தலைக்கு மேலே இருக்கும். நீ அங்கே வெளியே வரும்போது பார்.

பார்சலில் இருக்கிற மற்றச் சாமான் உன் ஆறு சக்கர வண்டி. பரண் மேல் இருந்தது. ஒரு சக்கரத்தை எலி கடித்திருந்தது, என் செருப்பிலிருந்து புதிதாக வெட்டிப் போட்டிருக்கிறேன், போல்ட்டுக்கு எண்ணெயும் விட்டிருக்கிறேன்.

23ஆம் திகதி படம் நின்றுபோனால் நீ சொல்லு, உன் பக்கம் நின்றுபோனால் நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா