‘தப்பினார்’ என்று எழுதாதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கொலை செய்தவர் அந்த நேரத்தில் சித்த சுவாதீனத்தில் இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தால், மறுநாள் தலைப்பு எப்படி வரும் என்பது எனக்கு மனப்பாடம். ‘பைத்தியம் என்று சொல்லித் தண்டனையிலிருந்து தப்பினார்.’ அந்தத் ‘தப்பினார்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். நோய் முற்றியிருந்தபோது, பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டி ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் அடைத்துவைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வழியாக விஷப்புகை விடுகிறாராம். “எந்த வாசனையும் வரலையே அண்ணா” என்று சொன்னால், “உனக்கும் ஏதோ பண்ணிட்டாங்க” என்று என்னைப் பாவமாகப் பார்ப்பார். அதில் துளி நடிப்பு கிடையாது. அவர் யாரையும் அடித்ததில்லை. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். ஆனால் என்றாவது அந்தப் புகையை நிறுத்தக் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போயிருந்தால்?

இந்தக் கேள்வி சட்டத்துக்குப் புதிதில்லை. 1843 ஜனவரியில் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டார். ஐந்து நாளில் டிரம்மண்ட் இறந்தார். ஆளும் கட்சி தன்னை விரட்டி விரட்டித் துன்புறுத்துகிறது என்று மெக்நாட்டன் உறுதியாக நம்பினார். ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்றது. நாடே கொதித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. மனநோயால், தான் செய்வது என்ன என்றே தெரியாமல் இருந்தாரா, அல்லது அது தவறு என்று தெரியாமல் இருந்தாரா? அன்று வகுத்த இந்த அளவுகோல்தான் இன்றும் பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது.

நோய்ச் சீட்டைக் காட்டினால் மட்டும் இந்த விடுதலை கிடைத்துவிடாது. அந்த நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள். தன் உயிரை எடுக்க வருகிறான் என்ற பிரமையில் தற்காப்புக்காகக் கொன்றால் தண்டனை இல்லை. தன் மானத்தைக் கெடுத்துவிட்டான் என்ற பிரமையில் பழிவாங்கினால் தண்டனை உண்டு. ஒரே நோய், இரண்டு தீர்ப்பு. என் அண்ணன் போன்றவர்களை அவ்வளவு நுணுக்கமாக எடை போட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அளவுகோல் எவ்வளவு இறுக்கமானது என்பது அதிலேயே தெரிகிறது. அமெரிக்காவில் எட்டு மாநிலங்களை வைத்து நடத்தி 1991இல் வெளியான ஆய்வின்படி, பெருங்குற்ற வழக்குகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் ‘சித்த சுவாதீனம் இல்லை’ என்ற வாதமே வைக்கப்பட்டது. அதிலும் ஏறத்தாழ கால்வாசிதான் ஜெயித்தது.

சரி, ஜெயித்தவர் வீட்டுக்குப் போனாரா? மெக்நாட்டன் போகவில்லை. மனநோய் விடுதிகளிலேயே அடைபட்டு 1865இல் இறந்தார். அமெரிக்காவில் ஜோன்ஸ் என்பவர் 1975இல் கடையில் ஒரு ஜாக்கெட்டைத் திருட முயன்றார். அதற்கு அதிகபட்சத் தண்டனையே ஓராண்டுதான். மனநோய் என்று விடுவிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அந்த ஓராண்டைத் தாண்டியும் அவரை அடைத்துவைக்கலாம் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையா தப்பித்தல் என்கிறீர்கள்?

உயிரைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு இது எதுவும் ஆறுதல் தராது. அவர்களின் கோபத்தை எழுதுங்கள், கட்டாயம் எழுத வேண்டும். கூடவே, அந்த மனிதர் எங்கே அனுப்பப்படுகிறார், அவரை வெளியே விட வேண்டுமானால் யார் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டு இரண்டு வரி போடுங்கள். தலைப்பில் ‘மருத்துவமனைக் காவலுக்கு அனுப்ப உத்தரவு’ என்று எழுதலாமே. இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது.

அண்ணன் இப்போது மருந்தை விடாமல் சாப்பிடுகிறார். காலையில் வீட்டுக்கு வரும் செய்தித்தாளை முதலில் பிரிப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு தங்கை