குறட்டையை அலட்சியப்படுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படுத்ததும் குறட்டை விடுபவரைக் கொடுத்து வைத்தவர் என்றே நம் வீடுகளில் சொல்கிறோம். ஆனால் உரத்த குறட்டை திடீரென நின்று, மூச்சுக்காற்று வராமல் மார்பும் வயிறும் மட்டும் போராடி, பிறகு பெரும் திணறலுடன் மூச்சு திரும்புமானால், அது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடும் உறக்க மூச்சுத்தடை நோயாக இருக்கக்கூடும். நோயாளிக்கு இது பெரும்பாலும் தெரியாது. காலைத் தலைவலி, வாய் வறட்சி, பகல் தூக்கம், மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவற்றையே அவர் மருத்துவரிடம் சொல்வார். ஆகவே இரவில் அருகில் படுப்பவரும் உடன் செல்வது அவசியம். கைப்பேசியில் எடுத்த சிறு காணொளியும் உதவும்.

உறக்கப் பரிசோதனையில், குறைந்தது 10 நொடிகள் நீடிக்கும் மூச்சுத்தடைகளும் மூச்சுக் குறைவுகளும் மணிக்குச் சராசரியாக எத்தனை எனக் கணக்கிடுகிறார்கள். 30-ஐ எட்டினால் தீவிர நிலை. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் அறிமுகப்படுத்திய, முகக்கவசம் வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியே இன்றும் முதன்மைச் சிகிச்சை. கவசத்தின் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது என்று அதைப் பரணில் ஏற்றிவிடுவோரை எண்ணி வருந்துகிறேன். பொருத்தமான அளவுக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உடல் எடையைக் குறைப்பதும் மதுவைத் தவிர்ப்பதும் பயன் தரும்.

இரவில் பேருந்தும் லாரியும் ஓட்டுவோருக்குக் கண் பரிசோதனையுடன் இந்நோய்க்கான பரிசோதனையையும் அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்