மோதாமல் விலகும் கருக்களையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த துகள் முடுக்கிகள் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிடுவது ஆதிப் பிரபஞ்சத்தின் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவை (புரோட்டான்களே உருகி அவற்றின் உட்கூறுகளாகக் கலந்து கிடக்கும் கொதிகுழம்பை) உண்டாக்கிப் பார்க்கத்தான், புதிய இயற்பியலைத் தேடுவது புரோட்டான் மோதல்களின் வேலை என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை.

ஈயக் கருக்கள் முட்டிக்கொள்ளாமல் விலகிப்போகும் தருணங்கள்தான் இங்கே முக்கியம். ஒரு கருவில் 82 புரோட்டான்கள். ஏறக்குறைய ஒளிவேகத்தில் பாயும் அத்தனை மின்னூட்டத்தையும் சுற்றி ஃபோட்டான்கள் மொய்த்துக்கொண்டு வரும். கருக்கள் தொடாமல் கடக்க, அந்த ஃபோட்டான்கள் மோதிக்கொள்ளும். புரோட்டான்களோடு ஒப்பிட்டால் இதற்கான வாய்ப்பு 82-இன் நான்காம் அடுக்கு, அதாவது சுமார் 4.5 கோடி மடங்கு கூடுகிறது. ஒளியும் ஒளியும் மோதிச் சிதறுவதை இயற்பியலாளர்கள் ஹைசன்பர்க்கும் ஹான்ஸ் ஆய்லரும் 1936-இலேயே கணக்கிட்டுவிட்டார்கள். செர்னின் பெரிய உணர்கருவிகளில் ஒன்றான அட்லஸை இயக்கும் குழுவின் 2015-ஆம் ஆண்டுத் தரவில் அப்படி 13 நிகழ்வுகள் தேறின. 2019-இல் ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியானது. அந்த நிகழ்வுகளின் படத்தைப் பார்த்தால் சிலிர்ப்பாக இருக்கும்: அவ்வளவு பெரிய உணர்கருவி முழுக்க வெறுமை, எதிரெதிர்த் திசையில் இரண்டே ஃபோட்டான்கள். பல மோதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும் புரோட்டான் தரவில் இந்தத் துப்புரவு கிடைக்காது. ஆக்சியான் போன்ற, இதுவரை கோட்பாட்டில் மட்டுமே உள்ள துகள் ஒன்று இருந்து, இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்தால், அந்த இரண்டின் கூட்டு நிறையை வரைபடமாக்கும்போது அத்துகளின் நிறைக்கு நேராக நிகழ்வுகளின் எண்ணிக்கை மேடாக உயரும். அதைத்தான் தேடுகிறார்கள்.

வட முனையோ தென் முனையோ ஒன்றை மட்டும் கொண்டதாகக் கருதப்படும் துகளான காந்த ஒருமுனையின் தேடலும் அப்படியே. கருக்கள் கடக்கும் கணத்தில் எழும் காந்தப்புலம் நூறு கோடி கோடி டெஸ்லா அளவுக்குப் போகும். ஒருமுனைகள் இருந்தால் அந்தப் புலமே வெற்றிடத்திலிருந்து இணை இணையாக அவற்றைப் பிறப்பிக்கும். 2018-இல் ஈய மோதல்களுக்கு அருகே வைத்த அலுமினியக் கட்டைகளை, ஒருமுனைகள் அவற்றில் சிக்கியிருக்கின்றனவா என்று அப்புறம் நுண்ணிய காந்தமானியில் செலுத்திச் சோதித்தது, செர்னில் ஒருமுனைகளைத் தேடும் மோஎடல் குழு. எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் 75 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) வரை நிறையுள்ள ஒருமுனைகள் இல்லை என்று காட்டி 2022-இல் வந்த அந்த முடிவு, புரோட்டான் மோதல்களை வைத்துச் சொன்ன எல்லைகளைவிட நம்பகமானது. புரோட்டான் வழியில் ஒருமுனை உற்பத்தியைக் கணக்கிட உறுதியான முறையே இல்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம்தான் ஈயம் போன்ற கன அயனிகளுக்கு ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு மாதம் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். எலக்ட்ரானின் கனத்த உறவினரான டௌ துகளின் காந்தத் திருப்புத்திறனை இதே ஃபோட்டான் மோதல்கள் வழியாக அளந்து அட்லஸும் செர்னின் இன்னொரு உணர்கருவியான சி.எம்.எஸ்.-இன் குழுவும் 2022-இல் அறிவித்த முடிவுகளும் அதில் இடம்பெற்றால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை