செவலைக்கு வந்த நோய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தேன். வந்துவிட்டது. என் செவலைப் பசுவுக்கு ஜோனீஸ் என்கிற குடல் நோய்தான்.

நன்றாகத்தான் தின்றாள், காய்ச்சலும் இல்லை. ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். தண்ணீராகக் கழிச்சல் போகும், ஒரு வாரம் நிற்கும், மறுபடி தொடங்கும். மூன்று முறை குடற்புழு மருந்து கொடுத்தேன். கழிச்சல் தானாக நின்றதை மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன், அதுதான் என் முட்டாள்தனம். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கிய பிறகே மருத்துவரைக் கூப்பிட்டேன்.

நோய் இப்போது வந்ததில்லையாம். செவலைக்கு ஐந்து வயது. அநேகமாகக் கன்றாக இருந்தபோதே சாணம் பட்ட மடியிலோ பாலிலோ தொற்றியிருக்கும் என்றார் மருத்துவர். காசநோய்க் கிருமிக்கு உறவான பாக்டீரியா இது. குடல் சுவரில் புகுந்து, வருடக்கணக்கில் அதைத் தடிக்க வைக்கிறது. அப்புறம் தின்றது எப்படி உடம்பில் ஒட்டும்? 1895-லேயே ஜெர்மனியில் விவரித்துவிட்டார்கள். குணமாக்க இன்றைக்கும் வழியில்லை.

உன் இரண்டு ஆடுகள் இளைக்கின்றன, கழிச்சல் மட்டும் இல்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் திக்கென்றது. ஆட்டில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. உடம்பு வற்றும், சில நேரம் ரோமம் கொத்தாகக் கையோடு வரும். முதலில் பல்லையும் புழுவையும் பார். இரண்டிலும் குறையில்லை என்றால் பரிசோதனைக்குக் கொடு. ஒன்று செத்துப்போனால் புதைக்கும் முன் குடலை மருத்துவர் அறுத்துப் பார்க்கட்டும்.

ரத்தத்தில் எடுக்கும் எலைசா சோதனையை முழுதாக நம்பிவிடாதே. நோய் முற்றாத மாட்டில் பல சமயம் ஒன்றும் காட்டாது, அதற்குள் சாணத்தில் கிருமி போகத் தொடங்கியிருக்கலாம். என் தொழுவத்தில் இன்னும் இரண்டு மாட்டுக்கு இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. அதில் ஒன்று செவலையின் மகள். பால் நன்றாகக் கறக்கிறாள் என்று ஆசைப்பட்டு வைத்துக்கொண்டவள். யாரிடமாவது தள்ளிவிடு என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. இன்னொருவன் தொழுவத்தில் இதைக் கொண்டுபோய் விதைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றையும் கழித்துவிடப் போகிறேன்.

இனி கவனமெல்லாம் கன்றுகள் மேல்தான். கன்று விழுந்ததும் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். சீம்பாலைப் பல மாட்டிலிருந்து கலந்து கொடுக்கக் கூடாது. சோதனையில் நோய் இல்லை என்று வந்த மாட்டினுடையது மட்டும். பெரிய மாடுகளின் சாணம் கன்று மேயும் நிலத்துக்குப் போகவே கூடாது, ஈரமும் நிழலும் இருந்தால் கிருமி ஒரு வருடம்கூடத் தாங்கும்.

உனக்கு இது சரிப்படாது, ஆட்டுக்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எத்தனையை வளர்ப்பாய்? தடுப்பூசி பற்றி விசாரி. தொற்றை முழுதாகத் தடுக்காது, ஆனால் சாவும் புழுக்கையில் போகும் கிருமியும் நன்றாகக் குறையும். போடும்போது ஊசி உன் கையில் குத்திவிடாமல் பார்த்துக்கொள், புண் லேசில் ஆறாதாம். மாட்டுக்குப் போட்டால் காசநோய்ச் சோதனை குழம்பிவிடும் என்பதால் எனக்கு மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வாரம் ஒருத்தி கன்று போடுவாள். அவளுக்கென்று தனியாக ஒரு மூலையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஆடுகளின் பல்லைப் பார்த்துவிட்டு உடனே எழுது.

உன் பழைய கூட்டாளி