பிள்ளை தப்பாது என்று தெரிந்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

சிசு மரணங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் வீதக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கணக்கில் இலங்கை பெருமைப்பட இடமுண்டு. 1940களின் நடுப்பகுதியில், உயிருடன் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ 140 பேர் ஒரு வயதைக் காணாமலே இறந்தார்கள். இன்று அது பத்துக்கும் குறைவு. ஆனால் மிஞ்சியிருக்கும் மரணங்களில் பெரும்பங்கு பிறந்து 28 நாட்களுக்குள் வைத்தியசாலைக்குள்ளேயே, பீ.பி.யூ. என்று நாம் அழைக்கும் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நடக்கிறது. அந்தப் பிள்ளை எப்படி இறக்கிறது, அப்போது தாய் எங்கே இருக்கிறாள் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

பெரும்பாலும் தாய் வேறு இடத்தில் இருக்கிறாள். சிசேரியன் முடிந்து பிரசவ விடுதியில் கிடப்பாள். பிள்ளை சத்திரசிகிச்சைக்காகப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டிருந்தால், அவள் வேறொரு வைத்தியசாலையிலேயே இருப்பாள். தகப்பன் இரண்டுக்கும் நடுவில் ஓடுவார், கையெழுத்தும் அவரே போடுவார். "பச்சை உடம்புக்காரி, அவளுக்கு இப்போது சொல்ல வேண்டாம்" என்று உறவினர் தடுப்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் முகத்தைப் பார்க்காமலே பிள்ளை அடக்கம் செய்யப்பட்டால், அந்தத் தாய் "உண்மையிலேயே என் பிள்ளைதானா இறந்தது?" என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பாள். சக்கர நாற்காலியிலோ படுக்கையோடோ அவளை ஒரு மணி நேரம் கொண்டுவர முடிந்தால் கொண்டுவரத்தான் வேண்டும்.

அடுத்தது மொழி. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அப்படியிருந்தும், கொட்டாஞ்சேனையிலிருந்தோ மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ வந்த பெற்றோருக்கு, அந்த நேரத்தில் கையில் அகப்பட்ட துப்புரவுத் தொழிலாளியோ பக்கத்துக் கட்டிலின் தாயோதான் மொழிபெயர்க்கிறார். வைத்தியர் சிங்களத்தில் "அமாருயி" என்பார். அது தமிழில் "கஷ்டமாம்" என்று வரும். கஷ்டம் என்றால் தாண்டிவிடலாம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். "பிள்ளை தப்பாது, இறந்துவிடும்" என்று யாராவது ஒருவர், உட்கார்ந்து, தமிழில், மெதுவாகச் சொல்ல வேண்டும். சொன்ன பின் சிறிது நேரம் பேசாமல் இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வந்து சொல்ல வேண்டும், முதல் தடவை கேட்டதில் பாதிகூட மனதில் நிற்பதில்லை. ஒவ்வொரு வேலைமுறையிலும் தமிழ் பேசும் தாதியோ வைத்தியரோ யார் என்பதைப் பணிப்பட்டியலிலேயே குறித்து வைத்தால் போதும். இதற்குப் பணம் தேவையில்லை.

பிறவிக் குறைபாடுகள் விடயத்தில் இன்னொரு இழப்பும் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே மண்டையோடும் மூளையும் முழுதாக உருவாகவில்லை என்று 20ஆம் வாரமளவில் ஸ்கேனில் தெரிந்தாலும் பெற்றோர் பிரசவம் வரை காத்திருக்கிறார்கள். அந்த நான்கு மாதங்களில் யாரும் அவர்களோடு அமர்ந்து பேசுவதில்லை. பிறந்ததும் மூச்சுக்குக் குழாய் போட வேண்டுமா, தாயின் மார்பில் வைத்தால் போதுமா, பெயர் என்ன, சமயக் கிரியை உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தால், பிரசவ அறையில் தெரியாமல் வந்து நிற்கும் இளம் வைத்தியர் வழக்கப்படி எல்லாவற்றையும் செய்யத் தொடங்கமாட்டார்.

வென்டிலேட்டரை நிறுத்துவதென்று வைத்தியர்களும் பெற்றோரும் சேர்ந்து முடிவெடுத்த பின் செய்வதில் ஒழுங்கு முக்கியம். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் அதன் வேகம் முற்றாகத் தீர வேண்டும். தீராவிட்டால் பிள்ளை அவதிப்பட்டாலும் வெளியே தெரியாது. மோர்பின் முதலிலேயே கொடுக்கப்பட வேண்டும், மூச்சுத் திணறத் தொடங்கிய பின் அல்ல. உரிய அளவில் கொடுத்தால் அது வேதனையைத்தான் தணிக்கும். அதற்காக மருந்து ஏற்றும் ஒரு நரம்பு வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றலாம். அப்படி வழி எதுவும் இல்லையென்றால் மருந்தைக் கன்னத்தின் உட்புறம் துளியாக விடலாம், தசையில் ஊசி போடக்கூடாது. மொனிட்டரின் வயர்களைக் கழற்றி எலாமை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோரின் கண் பிள்ளையிடம் இராது, திரையிலேயே இருக்கும். குறைமாதப் பிள்ளையின் தோல் ஈரக் கடதாசி போன்றது, பிளாஸ்டரை இழுத்தால் அதோடு உரிந்து வரும். எண்ணெய் தொட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும். குழாயைப் பிள்ளை தாயின் மடியில் இருக்கும்போதே எடுக்கலாம்.

அதற்குப் பிறகு நடப்பதை முன்கூட்டியே சொல்லாததுதான் நாம் காணும் மிகப் பெரிய தவறு. சில நிமிடங்களில் உயிர் பிரியலாம், சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளைத் தாண்டுவதும் உண்டு. நீண்ட இடைவெளி விட்டு வாயைத் திறந்து மூச்சு இழுக்கும், நிறம் மாறும், கை கால் குளிரும். இது தெரியாத பெற்றோர், பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைத்து ஆயுள் முழுவதும் தங்களையே குற்றம் சாட்டுவார்கள். அது மூளைத்தண்டின் தன்னிச்சையான செயல் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாய் உலர்ந்தால் பஞ்சில் தாய்ப்பாலைத் தொட்டு நனைக்கலாம், அதைத் தாயே செய்யலாம்.

முஸ்லிம் குடும்பத்துக்கு அன்றே அடக்கம் செய்யப் பத்திரங்கள் தாமதமின்றி வேண்டும். கத்தோலிக்கப் பெற்றோர் கேட்டால், குருவானவர் வரும்வரை காத்திராமல் தாதியே ஞானஸ்நானம் கொடுக்கலாம். இந்துக்களில் சிசுவை எரிப்பதில்லை, புதைப்பதே வழக்கம். கால் அச்சு, கைப்பட்டி, ஒரு கற்றை முடி ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். சிலர் வேண்டாம் என்பார்கள், அதுவும் சரியே. சில நிமிடங்களே உயிரோடு இருந்தாலும் பிறப்பும் இறப்பும் இரண்டும் பதியப்பட வேண்டும்.

பால் பற்றி யாருமே பேசுவதில்லை. பிள்ளையைப் புதைத்த இரண்டாம் மூன்றாம் நாள் மார்பில் பால் கட்டி, காய்ச்சலும் வந்து, தாய் தனியே தவிப்பாள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டக்கூடாது. குளிர்ந்த துணி வைக்கலாம், வலி தணியுமளவுக்கு மட்டும் கொஞ்சம் பீச்சி எடுக்கலாம். பிரசவத்துக்கு மறுநாளுக்குள் என்றால் பால் சுரப்பை நிறுத்தும் கபர்கோலின் மருந்து 1 மில்லிகிராம் ஒரே தடவையில் போதும். பால் இறங்கிவிட்டால் 0.25 மில்லிகிராம் 12 மணிக்கொருமுறை இரண்டு நாள். ஆனால் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இம்மருந்து ஆகாது. குறைமாதப் பிரசவங்களில் பலவற்றுக்கு அந்த அழுத்தமே காரணம் என்பதால், வைத்தியர் அழுத்தத்தைப் பார்த்தே எழுத வேண்டும், கடையில் தாமாக வாங்கக்கூடாது.

இறுதியாக ஒன்று. தாய் வீடு செல்லுமுன் அவளுடைய பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் அறியாத குடும்பநல மாது தராசையும் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "பிள்ளையைக் கொண்டுவாங்கோ, நிறுத்துப் பார்ப்பம்" என்பார்.

இப்படிக்கு,
சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் தாதியர் இருவர்,
கொழும்பு