மாரிக்குப்பம் காலை ரயிலில் வருபவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், பெங்களூர் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு மகள் வணக்கத்துடன் எழுதுவது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தியாக்கல் தாண்டியதும் இரண்டாவது பெட்டியில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறியது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் என் அப்பா. வயது எழுபத்தெட்டு. இப்போது நலமாக இருக்கிறார். மாரிக்குப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில், தன் வீட்டுத் திண்ணையில், மறுபடியும் உட்காரத் தொடங்கிவிட்டார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பல பேர் அதைக் கேட்கக் காத்திருந்தீர்கள் என்று ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர் சொன்னார்.

அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். வெட்டிய இடத்தில் பாறை சரியாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்தச் சூட்டிலும் கல் தூசியிலும் அவர் இழுத்த மூச்சுதான் இன்று நெஞ்சில் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயாக நிற்கிறது. மாதம் ஒருமுறை பரிசோதனைக்குப் பெங்களூர் வருவார். என்னோடு இருந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "வீட்டுக்கு எதிரே ரயில் நிற்கும்போது நான் ஏன் இடம் மாற வேண்டும்?" என்பார்.

அந்த ரயில் எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக நிற்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு 1864இல் பாதை வந்தது. பங்காருபேட்டையில் பிரிந்து மாரிக்குப்பம் வரை போகும் பதினாறு கிலோமீட்டர் கிளை 1894இல் திறந்தது. பங்காருபேட்டைக்கு அன்று பவுரிங்பேட்டை என்று பெயர். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலுக்கு வரும்வரை சுரங்கத்தில் எல்லாம் நீராவிதான். நிலக்கரி, எந்திரம், முட்டுக் கொடுக்கும் மரம் எல்லாவற்றையும் சுமந்து வந்தது இந்தக் கிளைதான். குடியாத்தத்துப் பக்கமிருந்து என் முப்பாட்டனார் வந்து இறங்கியதும் இதில்தான். அப்பா கையால் நிறுத்திய மரங்களில் எத்தனை இந்தத் தண்டவாளத்தில் வந்தனவோ!

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். ரயிலை மூடவில்லை. அதனால்தான் ஊர் பிழைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு விடியும் முன் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி, பெங்களூரில் கட்டட வேலையும் காவல் வேலையும் துணிக்கடை வேலையும் பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறீர்கள். நானும் ஆறு வருடம் அப்படிப் போய்வந்தவள். எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததே அந்த ரயில் இருந்ததால்தான்.

அன்று நடந்ததை அப்பா சொல்லச் சொல்ல நான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். சன்னலோர இடத்தை விட்டு எழுந்தவர் பூக்கட்டிக்கொண்டு வந்த அக்கா. மடியிலிருந்த மல்லிகை முழுதும் தரையில் கொட்டியதாம். அதைப் பார்க்காமல் அப்பாவின் தலையைத் தாங்கியிருக்கிறார். பையின் அடியில் துணிக்கும் மருத்துவச் சீட்டுக்கும் நடுவில் கிடந்த இன்ஹேலரைத் தேடி எடுத்தவர், நர்சிங் படிக்கும் தங்கை. அவசரத்தில் அழுத்திக் கொடுத்துவிடாமல், அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, மூச்சோடு மூச்சாக எப்படி இழுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாராம். மருத்துவரும் அதைத்தான் குறிப்பிட்டுச் சொன்னார். அம்மா, நீ படித்து முடித்து எந்த வார்டில் நின்றாலும் அங்கே இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இன்னொருவர் ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்தார். மாலூரில் ரயில் நிற்கும்போது சக்கர நாற்காலியோடு இரண்டு ஊழியர்கள் தயாராக இருந்தார்கள். வெளியே 108 ஆம்புலன்ஸ். ஸ்டேஷனில் இருந்த அதிகாரி அப்பாவை "அஜ்ஜா, அஜ்ஜா" என்று கூப்பிட்டுக்கொண்டே வண்டிவரை கூட நடந்தாராம். அப்பாவுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் அந்த நேரத்தில் பதில் சொல்ல மூச்சில்லை. அவருக்குச் சேர வேண்டிய நன்றியையும் இந்த மடலிலேயே எழுதச் சொன்னார்.

அப்பாவோடு மாலூரில் இறங்கிய இரண்டு அண்ணன்களைப் பற்றி எழுதும்போதுதான் என் கை நின்றுவிடுகிறது. கண்டோன்மென்ட்டில் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்த என்னை, அவருடைய போனிலிருந்து அழைத்தது உங்களில் ஒருவர். "பயப்படாமல் வாங்கம்மா, நாங்கள் இருக்கிறோம்" என்றீர்கள். சாலை நெரிசலில் நான் வந்து சேர இரண்டு மணி நேரமானது. அதுவரை ஒருவர் படுக்கையருகிலும் ஒருவர் மருந்துக் கடைக்கும் பதிவு மேசைக்குமாகவும் நின்றிருக்கிறீர்கள். இருவருக்கும் தினக்கூலி வேலை என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைய சம்பளம் போய்விட்டது. மருந்துக்குக் கொடுத்த பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். அதற்கு மேல் நான் நீட்டியதைத் தொடவில்லை. "பெரியவர் கீழே இறங்கிய காலத்தில் என் அப்பாவும் அதே ஷிஃப்டில்தான் இறங்கினார்" என்று மட்டும் ஒருவர் சொன்னார். அழுகையில் உங்கள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

டிக்கெட் கவுண்டரில் இருப்பவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று இரவு ரயிலில் திரும்பியவர்கள் சொன்ன செய்தியைக் கேட்டு, வேலை முடிந்ததும் எங்கள் லைனுக்கு நடந்துபோய், நடந்தது எதுவும் தெரியாமல் அப்பாவுக்காக வாசலில் உட்கார்ந்திருந்த என் அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னவர் அவர்தான். டிக்கெட் கிழித்துத் தருவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் அவராகச் செய்தது.

அடுத்த பரிசோதனை வரும் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. அப்பா அதே ரயிலில்தான் வருவேன் என்கிறார். நான் முந்தின நாளே ஊருக்கு வந்து அவரோடு ஏறுகிறேன். இரண்டாவது பெட்டியில் இருப்போம். பூக்கார அக்காவும் நர்சிங் தங்கையும் அவசியம் வந்து பாருங்கள். மாலூரில் இறங்கிய அண்ணன்களே, அப்பாவுக்குப் போர்த்திவிட்டுப் போன நீலக்கரைத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து எடுத்து வருகிறேன்.