பெயிண்டப் பார்த்து போட் வாங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம மட்டக்களப்பு வாவியில ஸ்பீட் போட் ஓட்டுற பொடியன்மார் இப்ப கூடிட்டாங்க, கல்லடிப் பாலத்தடியால பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் சுத்துலாக்காரர ஏத்திக்கிட்டுப் போறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா வாங்குறது முக்கால்வாசியும் பழசு. 2022ல டொலர் 200 சொச்சத்துல இருந்து 360க்குப் பாய்ஞ்ச பிறகு புது எஞ்சின் விலையக் கேட்டாலே தலை சுத்துது, வேற என்ன செய்யிறது. நானும் அப்பிடித்தான் போன வருஷம் 16 அடி பைபர் போட் ஒண்டு வாங்கினன், 40 எச்.பி. யமஹா ரெண்டு சிலிண்டர் எஞ்சினோட ஒன்பது லட்சம்.

எஞ்சின நல்லாத்தான் செக் பண்ணினன். பிளக்கக் கழட்டி கம்ப்ரெஷன், அதான் சிலிண்டருக்குள்ள வாற அமுக்கம், பார்த்தம், ரெண்டு சிலிண்டருக்கும் பத்து வீதத்துக்கு மேல வித்தியாசம் வரப்படாது, வரல்ல. கியர் ஒயில் திறந்து பார்த்தம், பால் தேத்தண்ணி மாதிரி வந்தா சீல் போய் தண்ணி இறங்கிட்டு எண்டு அர்த்தம், அதுவும் இல்ல. பெயிண்டும் பளபளண்டு இருந்துது. காசக் குடுத்துட்டு வந்துட்டன்.

ரெண்டாவது ஓட்டத்துல எஞ்சின முறுக்கினா பின்பலகை, அதான் எஞ்சின் கொழுவுற பலகை, மூச்சு விடுற மாதிரி உள்ளயும் வெளியயும் போகுது. அதுக்கு மேல அலுமினியத் தகடு ஒண்டு அடிச்சிருந்தாங்க, விக்கேக்க "அது அழகுக்கு தம்பி" எண்டு சொன்னவர்! தகடக் கழட்டினா பழைய போல்ட் ஓட்டையெல்லாம் கறுத்து ஈரமா இருக்கு. ஊரு ஓடாவியார் (தச்சர்) ஸ்க்ரூ டிரைவரால குத்தினார், பிடி வரைக்கும் போயிட்டு. "மனே, உள்ளுக்கு பலகையில்ல, புண்ணாக்கு" எண்டார்.

விஷயம் என்னெண்டா பைபர் உக்காது, ஆனா பழைய போட்டுகள் கனத்துல பைபருக்கு உள்ளுக்கு பிளைவூட் இருக்கும், ஒரு போல்ட் ஓட்டை சரியா சீல் ஆகல்லண்டா அதுக்குள்ளால தண்ணி போய் வெளியில ஒண்டும் தெரியாமலே உக்கிரும். அடித்தட்டையும் வெட்டினம், போட் மிதக்கிறதுக்கெண்டு கீழ போட்டிருந்த போம் (நுரைக்கட்டி) தண்ணி குடிச்ச பஞ்சு மாதிரி, கையால பிழிஞ்சாலே ஒழுகுது, போட் ஏன் இவ்வளவு பாரம் எண்டு அப்பதான் விளங்கிச்சு. பின்பலகையில உள்பக்கத்துப் பைபர் தோல வெட்டி உக்கினதச் சுரண்டி எடுத்து, ரெண்டு கிழமை கச்சான் காத்துல காய விட்டு, 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் ரெண்டு ஒட்டி இறக்கினம்.

பைபர் ஒட்டுற பசை, அதான் ரெசின், அந்த வேலைதான் படிப்பிச்சுது. பகல் பன்னிரண்டு மணி வெயில்ல, ரெசின இறுக வைக்கிற ஹாட்னர் அளவு கூடி, கலக்கின கோப்பைக்குள்ளயே கட்டியாகிப் புகைஞ்சுது, ஒரு லீற்றர் ரெசின் சும்மா போச்சு. மறுகா விடியக்காலையில மட்டும்தான் வேலை. பழைய பைபருல எபொக்சி ரெசின்தான் நல்லாப் பிடிக்கும், ஆனா அதுக்கு நெய்த பைபர் துணி போடணும், கடையில தாற சொப் மாட், அதான் வெட்டின நார்ப் பாய், அதுல இருக்கிற பசை அனேகமா பொலியெஸ்டர் ரெசின்லதான் கரையும். போல்ட் ஓட்டைகளப் பெருசாத் துளைச்சு எபொக்சியால நிரப்பி, அது இறுகின பிறகு அதுக்குள்ள திரும்பத் துளைங்க, அப்ப தண்ணி மரத்தத் தொடாது. பைபர் நார் பட்டு வாற அரிப்புக்கு மருந்தில்ல, முழுக்கைச் சட்டைதான்.

இன்னொண்டு. நம்ம வாவித் தண்ணி மாரியில நல்ல தண்ணியாகும் கோடையில உப்பேறும், அதால எஞ்சின் கால்ல, அதான் தண்ணிக்குள்ள நிக்கிற பகுதியில, எஞ்சினுக்குப் பதிலா அரிபடுறதுக்குப் போடுற நாகக் (சிங்க்) கட்டிய விட அலுமினியக் கட்டி நல்லது. ஓடி முடிய நல்ல தண்ணியில கழுவுறதும், தண்ணிப் பம்புக்குள்ள சுத்துற றப்பர் சில்ல (இம்பெல்லர்) வருஷத்துக்கொருக்கா பாக்குறதும் எல்லாருக்கும் தெரியும், செய்யிறவன்தான் குறைவு.

எனக்கு இதால மூணு லட்சம் போச்சு, அது போகட்டும். ஓட்டத்துல அந்தப் பலகை கிழிஞ்சிருந்தா எஞ்சின் வாவிக்குள்ள, பின்னால தண்ணி போட்டுக்குள்ள, அதுல ஏறி இருக்கிறது சின்னப் பிள்ளைகள். அதால பயணிகள ஏத்துற போட்டுகளப் பாக்குற அதிகாரிமாருக்கு ஒரு வேண்டுகோள், லைப் ஜாக்கெட் எண்ணுறதோட நிக்காம எஞ்சின் காலப் பிடிச்சு மேலயும் கீழயும் ஒருக்கா ஆட்டிப் பாருங்க, பின்பலகை அசைஞ்சா ஓட விடாதீங்க. சுத்தியல் பிடியால தட்டினா நல்ல பலகை டக் டக் எண்டும், உக்கினது தொப் தொப் எண்டும். ரெண்டு நிமிஷ வேலை. வாங்கப் போற தம்பிமாரும் இதச் செய்யுங்க, தகடு அடிச்சிருந்தா கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டன் எண்டா திரும்பி வாங்க.

என்ட போட்டுல சுரண்டின புண்ணாக்கு ஒரு உரப்பை நிறைய இன்னும் வளவுக்குள்ள கிடக்கு, ஆருக்கும் தொட்டுப் பாக்கணும் எண்டா வரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.